ஒன்றே முக்கால் நிமிடம்

அந்தத் தெருவில் அவருக்கு விசில் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஒன்று உண்டு, அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை. எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வெளியே போக வேண்டுமோ, அத்தனை மணிக்கு விசில் ஊதி அனுப்பிவைப்பார். வேலை முடிந்ததும் விசிலை டிப்போவிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறவர்களும் உலகத்தில் உண்டு. இவர் கழுத்தில் மாட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவார். குளியலறையில் யாராவது அதிக நேரம் இருந்தால் ஓர் ஊதல், மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பத் தாமதித்தால் இரண்டு. "என்னை என்ன நாலாம் நம்பர் பஸ்ஸுன்னு நினைச்சீங்களா?" என்று மனைவி கேட்காத வாரம் கிடையாது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற மனிதர். அந்த வீட்டில் அன்றைக்கு நடந்தது நடக்கும் என்று முதல் நாள் யாராவது சொல்லியிருந்தால், தெருவே சிரித்திருக்கும். வேறு எந்த வீட்டிலும் நடக்கலாம், விசில் வீட்டிலா என்று கேட்டிருப்பார்கள். அவர் மனைவிக்கு இன்றுவரை ஆறாமல் இருப்பதும் அதுதான்.

அவள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக்கொடுக்கிற வேலை பார்த்தாள். பிள்ளை என்று ஒரே ஒரு மகள், பத்து வயது. மனைவிக்கு உடன்பிறந்தவன் என்று ஒரே ஒரு தம்பி. அவன் லைன்மேன், மின்கம்பம் ஏறுகிற வேலை. காற்றடித்தால் ஊரே வீட்டுக்குள் ஓடும், தம்பி மட்டும் வெளியே ஓடுவான். அதனால் அவளுக்குக் காற்று என்றாலே பயம். இலை உதிர்கிற மாதங்களில் அவள் சரியாகத் தூங்கியதே இல்லை. அந்த மாதங்களில்தான் பள்ளிக்கூடத்துக்குப் பத்து நாள் விடுமுறை வரும், அந்தப் பத்து நாளில்தான் காற்றும் வரும், கரண்டும் போகும்.

போன வருஷ விடுமுறையில் இரண்டு நாள் தொடர்ந்து கரண்டு இல்லை. மகள் வளர்த்த மீன்தொட்டியில் காற்றுக்குமிழி விடுகிற மோட்டார் நின்றுபோனது. பதினோரு மீனும் ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்தன. மகள் மூன்று நாள் சாப்பிடவில்லை. விசில் அந்தத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுல இருட்டு ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாது" என்று சொன்னார். சொன்னதோடு விட்டாரா? சேமிப்பை உடைத்துச் சின்னதாக ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். புது மீன்கள் வந்தன. கூடவே ஒத்திகையும் வந்தது.

ஒத்திகை என்றால் சும்மா இல்லை. சமையலறைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முதல் வரி, விசில் ஊதுவது. அடுத்து மனைவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் டார்ச்சை எடுத்து, இஸ்திரிப்பெட்டி, சலவை இயந்திரம், வெந்நீர்ப் பெட்டி எல்லாவற்றின் சுவிட்சையும் அணைக்க வேண்டும். மகள் மேசைக்கடியில் இருக்கும் பேட்டரி விளக்கை ஏற்றிக்கொண்டு பின்னறைக்கு ஓட வேண்டும். விசில் பின்கட்டுத் தகரக்கூரைக்கடியில் நிற்கும் ஜெனரேட்டரிலிருந்து ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, பின்னறைச் சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டில் சொருகி, வெளியே ஓடி, கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பி, "ரெடி" என்று கத்துவார். உடனே மகள் அந்தச் சுவர்ச் சுவிட்சைப் போடுவாள். வீடு முழுக்க வெளிச்சம் வந்துவிடும். அந்தக் கடைசிச் சுவிட்சு மகளுடையது. வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

இருட்டு இல்லாமல் ஒத்திகை எப்படி? அதற்கும் வழி வைத்திருந்தார். ஆரம்பிப்பதற்கு முன்னால் முன்வாசல் கதவுக்கு மேலே இருக்கும் மெயின் சுவிட்சை ஸ்டூல் போட்டு ஏறி இறக்கிவிடுவார். வீடு இருண்டுவிடும். ஸ்டூலை ஓரமாக வைத்து, பின்கட்டுக்குப் போய், ஒரு மூச்சு இழுத்து, விசில் ஊதுவார். விசிலுக்கு அப்புறம் நடப்பதுதான் ஒத்திகை. விசிலுக்கு முன்னால் நடந்தது கணக்கில் கிடையாது, தாளிலும் கிடையாது. ஒரு வருஷத்தில் முப்பது தடவை இதைச் செய்திருப்பார்கள். முப்பது தடவையில் ஒரு தடவைகூட, மூன்று பேரில் ஒருவர்கூட, இதைக் கவனிக்கவில்லை. 

விடுமுறையின் மூன்றாம் நாள் காலையில் தம்பி வந்தான். கூடவே அவனோடு வேலை செய்கிற பெரியவரும் வந்தார். அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தார்கள். கம்பத்தில் ஏறினாலும் சரி, டீ குடித்தாலும் சரி, "நிதானம், நிதானம்" என்றுதான் சொல்வார். இருபத்தாறு வருஷ வேலையில் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. தம்பி அவரோடு போகிற நாளில் அக்காளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

தெருக்கோடி மரத்தில் ஒரு பெரிய கிளை கம்பிமேல் சாய்ந்து கிடப்பதைப் பார்க்க வந்தார்களாம். சாயங்காலம் ஆட்களோடு வந்து வெட்டிவிட்டு, கம்பியையும் இழுத்துக் கட்ட வேண்டும் என்றார்கள். அவள் டீ போட்டுக் கொடுத்தாள். விசிலுக்கு ஆள் கிடைத்தால் போதும், ஒத்திகையை நடத்திக் காட்டாமல் விடமாட்டார். நிதானத்தின் கையில் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்து, "நீங்கதான் ஜட்ஜ்" என்றார்.

மெயினை இறக்கினார். விசில் ஊதினார். அவள் டார்ச்சை எடுக்க ஓடினாள். மகள் விளக்கோடு பறந்தாள். ஜெனரேட்டர் இருமிக்கொண்டு கிளம்பியது. வெளிச்சம் வந்ததும் நிதானம் கடிகாரத்தை நிதானமாகப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷம் இருபது செகண்டு."

"இன்னிக்குக் கயிறு ஒரு இழுப்புல பிடிக்கல," என்றார் விசில். அவருக்கு மானம் போய்விட்டது.

"எதுக்கு சார் இவ்வளவு ஓட்டம்? இருட்டு எங்க ஓடிப்போகப் போகுது?" என்று நிதானம் சிரித்தார். மகளின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்ததும் குரலை மாற்றினார். "சரி பாப்பா, ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிச்சுக் காட்டு. ஒரு ஜோடி மீன் வாங்கித் தர்றேன். வால் நீளமா இருக்குமே, அது."

"நிஜமாவா மாமா?"

"நான் பொய் சொல்லி நீ பார்த்திருக்கியா?"

தம்பி மட்டும் பின்னறையில் குனிந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு முனையிலும் பிளக் வைத்து விசிலே கட்டிய ஒயர். தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

"அத்தான், இது தப்பான ஒயரு. விடுமுறை முடியட்டும், நானே முறையான சுவிட்சு வாங்கிட்டு வந்து மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் மெயினை இறக்காம இதைப் போட்டுடாதீங்க. உங்க கரண்டு வெளிய கம்பிக்கு ஓடிடும். அங்க நாங்கதான் நிப்போம்."

"ஏன் மாப்ள, இப்பப் பார்த்தீல்ல? என் முதல் வேலையே மெயினை இறக்குறதுதானே?"

தம்பி பார்த்திருந்தான். நிதானமும் பார்த்திருந்தார். அத்தான் ஸ்டூல் போட்டு ஏறி இறக்கியதைத்தான் எல்லாரும் கண்ணால் பார்த்தார்களே. "அதானே, உங்களுக்குச் சொல்லணுமா?" என்று தம்பி டம்ளரை வைத்துவிட்டுப் போனான். அக்காளும் நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டத் தொடங்கியது. காற்று எழுந்து, தெருவில் சருகுகள் வாசலுக்கு வாசல் உருண்டுகொண்டிருந்தன. தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. விடுமுறைக்கு அவரவர் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தார்கள். எதிர்வீட்டுப் பல்டாக்டர் குடும்பமும் போயிருந்தது. சாவியை இவளிடம் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். திருடனை ஏமாற்ற வாசல் பல்பை மட்டும் எரியவிட்டுப் போயிருந்தார்கள். இவள் அன்றுதான் அதைப் பார்த்து, பகலில் எரிகிறதே என்று அணைக்கப் போய், வேண்டாமென்று விட்டுவிட்டு வந்தாள்.

சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் பின்கட்டில் விசில் அலறியது.

மூன்று பேரும் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை யாராவது பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள். அவள் டார்ச்சை எடுத்ததும் தெரியவில்லை, சுவிட்சுகளை அணைத்ததும் தெரியவில்லை. மகளின் கால் தரையில் படவே இல்லை. ஜெனரேட்டர்கூட நன்றியுள்ள நாய்போல ஒரே இழுப்பில் எழுந்துகொண்டது. "ரெடி" என்ற சத்தம் முடிவதற்குள் மகள் சுவிட்சைப் போட்டுவிட்டாள். வீடு பளீரென்று ஆனது. மீன்தொட்டியில் குமிழி குபுகுபுவென்று மேலே வந்தது.

விசில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒன்னே முக்கால்! பாப்பா, ஒன்னே முக்கால் நிமிஷம்டா!"

"மீனு! எனக்கு மீனு!" என்று மகள் குதித்தாள். அப்பாவும் மகளும் கையைக் கோத்துக்கொண்டு கூடத்தில் ஒரு சுற்று ஆடினார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பைத்தியங்கள் என்று நினைத்துக்கொண்டே, காற்றில் அடித்துக்கொண்டிருந்த முன்ஜன்னலைச் சாத்தப் போனாள்.

எதிர்வீட்டு வாசலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

'அட, கரண்டு வந்துடுச்சே' என்றுதான் முதலில் நினைத்தாள். சொல்லக்கூட வாயைத் திறந்தாள். பிறகு பார்த்தால் தெருவிளக்கு எதுவும் எரியவில்லை. கோடிவீட்டில் யாரோ மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு ஜன்னலைக் கடந்து போனார்கள். பூட்டிய வீட்டுப் பல்பு மட்டும் எரிந்தது. அதுவும் ஒரே சீராக எரியவில்லை. பின்கட்டில் ஜெனரேட்டர் ஒரு தடவை இருமியது, அங்கே பல்பு மங்கிப் பிரகாசமானது. மறுபடி இருமியது, மறுபடி மங்கியது. அவள் வீட்டு எஞ்சின் இருமுவதற்கு எதிர்வீட்டு விளக்கு ஏன் சிமிட்ட வேண்டும்?

ஒரு நொடிதான். 'உங்க கரண்டு வெளிய கம்பிக்கு ஓடிடும். அங்க நாங்கதான் நிப்போம்.' தலையைத் தூக்கிக் கதவுக்கு மேலே பார்த்தாள். மெயின் சுவிட்சின் கைப்பிடி மேலே நின்றது. யாரும் அதைத் தொடவே இல்லை. இருட்டு தானாகவே வந்துவிட்டது, அதனால் இருட்டை உண்டாக்க யாரும் ஸ்டூல் போடவில்லை. 

ஸ்டூலைத் தேட அவள் நிற்கவில்லை. மூலையில் இருந்த துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, அதன் கட்டையால் கைப்பிடியை ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் அது இறங்கியது. அதே கம்பியிலிருந்து லைன் எடுத்த எதிர்வீடு அணைந்தது. இந்த வீட்டில் மட்டும் வெளிச்சம் அப்படியே நின்றது.

"ஏம்மா, என்னாச்சு?" என்று விசில் உள்ளிருந்து கேட்டார்.

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். செருப்புப் போடாமல் வெளியே ஓடினாள். வாசற்கதவைத் திறந்தால் எதிரே ஓர் ஆள் நின்றான். டார்ச் வெளிச்சத்தில் முகம் தெரிந்தது. தம்பி.

உயிர் போய் உயிர் வந்தது அவளுக்கு. அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் தோளைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். "நீ இங்க நிக்கிறியா, நீ இங்கதான் நிக்கிறியா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்றுவரை தன்னை மன்னித்துக்கொள்ளவில்லை.

"என்னக்கா ஆச்சு உனக்கு? முனை டிரான்ஸ்பார்மர்ல ஃபியூஸைப் பிடுங்கிட்டு வர்றேன். கிளையை வெட்டியாச்சு, கம்பியைக் கட்டணும், பத்து நிமிஷ வேலை. அத்தான் ஜெனரேட்டரைப் போட்டுச் சிரமப்படப் போறாரேன்னு சொல்லிட்டுப் போக வந்…"

அதற்குமேல் அவன் பேசவில்லை. அப்போதுதான் அவனுக்குப் பின்கட்டுச் சத்தம் கேட்டது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"மெயினு?"

"இப்பத்தான்டா இறக்கினேன். இப்பத்தான்."

தம்பி அவளையே பார்த்தான். வாழ்நாளில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அவள் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. இவன் இங்கே இருக்கிறான் என்றால் கம்பத்தில் யார் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

"நிதானம் அண்ணன் மேல இருக்காரு," என்று சொல்லிவிட்டு ஓடினான்.

மூன்று வீடு தள்ளித்தான் கம்பம். அவள் போய்ச் சேருவதற்குள் தம்பியின் டார்ச் வெளிச்சம் மேலே போயிருந்தது. நிதானம் இடுப்பு பெல்ட்டில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தார். தலை பின்னால் விழுந்திருந்தது. ஒரு கையில் ரப்பர் உறை இருந்தது, இன்னொரு கையில் இல்லை. நட்டைத் திருகக் கழற்றியிருக்கிறார். கிளை வெட்ட வந்த இரண்டு ஆட்களும் வண்டியில் கிளையை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், அவர் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தார்களாம். அவர் வழக்கமாக அப்படிச் சாய்ந்து நிற்கிறவர்தானே.

"அண்ணே," என்று தம்பி கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான்.

தம்பி ஏறியதும், கயிறு கட்டி இறக்கியதும், கீழே நாலு பேர் கைநீட்டித் தாங்கியதும் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. விசில் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நிதானத்தின் காலைத் தாங்கிப் பிடித்தவர் அவர்தான். அவர் முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது. தம்பி நிதானத்தைத் தெருவிலேயே படுக்கவைத்து, மார்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினான். எண்ணிக்கொண்டே அழுத்தினான். அவர் கழுத்தில் அவள் நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. அப்புறம் விரலுக்கடியில் ஒன்று துடித்தது. அது தன் விரலின் துடிப்போ என்று பயந்து, கையை எடுத்து மறுபடி வைத்தாள். துடித்தது.

"இருக்குடா. நாடி இருக்கு."

தம்பி அழ ஆரம்பித்தான், ஆனால் கையை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் வருகிறவரை அழுத்திக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தான். பின்கட்டில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, அதை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தபோது, வெளிச்சம் கொட்டுகிற வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள், எதையெல்லாம் கேட்டாள் என்று தெரியவில்லை.

நிதானம் பிழைத்துக்கொண்டார். வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. மார்பு வலி போக மாதக்கணக்காகும் என்றார்கள். மறுநாள் காலையிலேயே விசில் மின்சார ஆபீஸ் மேலதிகாரியிடம் போய், நடந்ததை ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். நிதானம் கண் விழித்துப் பேச நாலு நாள் ஆனது. கம்பியில் எப்படிக் கரண்டு வந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. "நானே சொல்றேன், வேற யாரும் சொல்ல வேணாம்" என்று விசில் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் விசிலும் மனைவியும் தம்பியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மகள் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். வராந்தா பெஞ்சில் தம்பி தலையைக் குனிந்துகொண்டு பேசினான்.

"கம்பியில கைய வைக்கறதுக்கு முன்னாடி தரையோட சேர்த்து ஒரு சங்கிலி மாட்டணும் அத்தான். மாட்டியிருந்தா எங்கிருந்து கரண்டு வந்தாலும் ஆளைத் தொடாது. வண்டியில இருந்துச்சு. பத்து நிமிஷ வேலைதானேன்னு நான்தான் எடுத்துட்டுப் போகல. பத்து நிமிஷத்துல எந்த வீட்டுலயும் தீப்பெட்டியைக்கூடக் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க."

விசில் கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனார். அங்கே விசில் இல்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

உள்ளே நிதானம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டுப்போட்ட கை ஒரு பெரிய வெள்ளைப் பொட்டலமாக மடியில் கிடந்தது. இவர்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"வாங்க சார், வாங்க. வா தங்கச்சி. எங்க என் பாப்பா?"

"வீட்டுல இருக்கா அண்ணே," என்றாள் அவள்.

விசில் கட்டிலுக்கருகே நின்றார். வழி முழுக்க மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தவர், வாயைத் திறந்து திறந்து மூடினார்.  அவர் தவிப்பைப் பார்த்து, தன்னைப் பார்த்துத்தான் கலங்குகிறார் என்று நிதானம் நினைத்துக்கொண்டார். பேச்சை மாற்றிவிட்டார்.

"அதை விடுங்க சார். அன்னிக்குச் சாயங்காலம் கரண்டு போச்சுல்ல? ஒத்திகை இல்ல, நிஜம். எத்தனை நிமிஷம்? பந்தயம் ஞாபகம் இருக்குல்ல?"

விசில் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒன்னே முக்கால்."

"அடேங்கப்பா," என்று நிதானம் சிரித்தார். "ஜெயிச்சுட்டீங்களே. அப்ப பாப்பாவுக்கு…"

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் கண் கூரையில் எங்கேயோ போய் நிலைத்தது. இடது கையின் விரல்கள் போர்வைமேல் மெல்ல அசைந்தன. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனிதர் மனசுக்குள் மறுபடி கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்தார், கம்பி செத்துக் கிடந்தது. டெஸ்டரைப் பைக்குள் போட்டார். உறையைக் கழற்றினார். முதல் நட்டு, இரண்டாவது நட்டு. இருபத்தாறு வருஷ வேலைக்காரருக்கு ஒரு நட்டுக்கு எத்தனை செகண்டு என்று தெரியாதா? விரல்கள் அசைவதை நிறுத்தின.

"மெயினு?" என்று கேட்டார்.

"இறக்கல," என்றார் விசில். அதைச் சொன்ன பிறகு மற்றதெல்லாம் தானாகவே வந்தது. தாளில் அந்த வரி இல்லாதது, இருட்டு தானாக வந்தது, கூடத்தில் ஆடியது, எல்லாவற்றையும் சொன்னார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் கணவர் அழுது அவள் பார்த்தது அதுவே முதல் தடவை.

 வெளியே யாரோ டம்ளர்களை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு போனார்கள். தம்பி கதவோரம் நின்றவன் உள்ளே வரவில்லை. நிதானம் திட்டட்டும் என்று அவள் காத்திருந்தாள். வெளியே போங்கள் என்று சொல்லட்டும், அந்தக் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டிக் கேட்கட்டும். ஏதாவது ஒன்று சொல்லிவிட்டால் தேவலை என்று இருந்தது.

"கடைசிச் சுவிட்சு பாப்பாதானே போடும்?" என்று கேட்டார் நிதானம்.

இருவரும் தலையாட்டினார்கள்.

"அதுக்கு மட்டும் தெரிய வேணாம் சார். எங்கிட்டச் சொன்னது போதும். சின்னப் பிள்ளை. கம்பத்திலேருந்து கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிடுங்க. மீனு நான் வாங்கித் தர்றேன், சொன்னா சொன்னதுதான்."

"சரிண்ணே," என்றாள் அவள். வேறு என்ன சொல்ல முடியும்? மகள் நாலு நாளாக வீட்டில் எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் ஆனால் மகள் மீன்தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். யாராவது வந்து விளக்கைப் போடுகிறவரை இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.